வாய் திறக்காத அரை மணி நேரம்

பிரேக் அக்காவின் கைகள் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருக்கின்றன. ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் இந்த வேலை முடிய வேண்டும். ஈரத்துணியால் ஒரு சுற்று, காய்ந்த துணியால் ஒரு சுற்று. பயத்தில் வருகிற வேர்வை வெயிலில் வருகிற வேர்வை மாதிரி சீக்கிரம் காயாது, பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும் என்பது அவளுடைய அனுபவம். "இப்ப இறங்கிப் போனாரே, பெரிய ஆபீஸர். கையைத் தொட்டா, மீன் கழுவிட்டு வந்த மாதிரி," என்று அடுத்து ஏறுகிறவரிடம் சொல்லிக்கொண்டே கியர் கம்பியையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுப்பாள்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். கற்றுக்கொள்கிறவர் ஓட்ட, இவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பெயர் வந்தது அதனால்தான். பல வருஷப் பழக்கத்தில் அந்தக் காலுக்கு இப்போது தனிப் புத்தி முளைத்துவிட்டது. மகள் படிக்கட்டில் ஓடி இறங்கினால் கால் தரையை அழுத்தும். யாராவது வேகமாகப் பேசினால் அழுத்தும். சினிமாவில் கதாநாயகன் காரை விரட்டினால், முன் வரிசையில் இருக்கிறவர் நாற்காலியோடு குலுங்கித் திரும்பிப் பார்ப்பார்.

காலைவிட வாய்க்கு வேலை அதிகம். "கண்ணாடியப் பாரு. என்னைப் பாக்காத, நான் ரோட்டுல இல்ல." "அந்தச் சுவர் உன்னைத் தேடி வரல தம்பி, நீதான் அதைத் தேடிப் போற." "அழறதுன்னா ஓரமா நிறுத்திட்டு அழு, பின்னாடி பஸ் வருது." எதிராளி வாயைத் திறந்து பாதி சொல்லும்போதே மீதியை இவள் சொல்லி முடித்துவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுதான் மற்றவர்களுக்கு எரிச்சல்.

கணவர் கண்ணாடிக் கடைக்காரர். லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். பகல் முழுக்க அவர் பேசுவது "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்பது மட்டும்தான். வீட்டில் அதற்கும் வாய்ப்பு இல்லை. அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார், அவள் அதை வாங்கிக்கொண்டு போய் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவாள். பதிமூன்று வருஷமாக இந்த ஏற்பாடு சண்டை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் நாள் தள்ளிப்போயிற்று. சோதனைக் குச்சியில் இரண்டு கோடுகள் வந்தன. மகள் ஏழாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. ஒரு கோப்பை தேநீர் ஆறுகிற நேரம்தான் அவள் யோசித்தாள்.

"எனக்கு இன்னொண்ணு வேண்டாங்க. உடம்பும் ஒத்துக்காது, மனசும் ஒத்துக்காது. மாத்திரையிலயே முடிச்சுக்கலாமாம், விசாரிச்சுட்டேன்."

கணவர் கையிலிருந்த லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அதில் எதையோ ரொம்ப நேரம் தேடினார். "உன் இஷ்டம்," என்றார். அதற்கப்புறம், வழக்கமாகப் பேசுகிற கொஞ்சநஞ்சமும் நின்றுபோயிற்று.

இரண்டே வார்த்தை. அது அவளுக்குத் தொண்டையில் மாட்டிய முள்ளாக ஆகிவிட்டது. கோபமா? வருத்தமா? மனசுக்குள்ளேயே பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டாரா? முடிவை மாற்றுகிற எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. ஆனால் அந்த முடிவில் தான் தனியாக நிற்கிறோமா, அவரும் கூட நிற்கிறாரா என்பது தெரிந்தாக வேண்டும். கேட்கத்தான் வாய் வரவில்லை. ஊரையே வாயால் ஓட்டுகிறவளுக்கு, தன் வீட்டுக் கேள்வி ஒன்று கியரில் விழ மாட்டேன் என்றது.

வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போனாள். ஸ்கேன் பார்த்தார்கள். ஆறு வாரம் தாண்டியிருந்தது, கரு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. நர்ஸம்மா உருவத்தில் சின்னது, குரலில் பெரியது. முதல் மாத்திரையை அங்கேயே தண்ணீரோடு விழுங்க வைத்தாள். "இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் குமட்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை காலைல இந்த நாலு மாத்திரை. அன்னிக்கு வீட்டுல இருக்கணும், கூட ஒரு ஆள் இருக்கணும்," என்றாள். பிரேக் அக்கா தலையை ஆட்டிவிட்டு நேராக வேலைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க வயிறு கம்மென்று இருந்தது. ஒரு வலி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. திருப்பத்தில் எப்போதும் திணறுகிற வங்கிக்காரரைக்கூட ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, வெளியே இறங்கி நர்ஸம்மாவுக்குப் போன் போட்டாள்.

"நர்ஸம்மா, வண்டி ஸ்டார்ட்டே ஆகலையே! சனிக்கிழமை போடுறதை இப்பவே போட்டுறட்டுமா?"

"போடக் கூடாது. ஸ்டார்ட் பண்றதுக்கு யாரு மாத்திரை குடுத்தா? முதல் மாத்திரை என்ஜினை அணைக்கிறதும்மா. சத்தம் வராதுதான். நாளைக்குப் போடுற நாலுதான் வண்டியைத் தள்ளி வெளிய விடும். சொன்ன நேரத்துல போடு."

தன் பாஷையிலேயே தனக்குப் பாடம் நடத்தியதில் அவளுக்குக் கொஞ்சம் ரோஷம். ஆனாலும் புரிந்தது.

சனிக்கிழமை காலை பிள்ளைகள் அத்தை வீட்டுக்குப் போனார்கள். கணவர் கடையைத் திறக்கவில்லை. லேசாக ஏதாவது சாப்பிட்டு, வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான்கு மாத்திரைகளில் இரண்டை வலக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில், இரண்டை இடப்பக்கம். அரை மணி நேரம் அப்படியே ஊற வேண்டும், பிறகு மிச்சமிருப்பதைத் தண்ணீரோடு விழுங்கிவிட வேண்டும். அதுவரை பேசக் கூடாது என்பது நர்ஸம்மாவின் கண்டிப்பான உத்தரவு. அதை அவள் இரண்டு தடவை சொல்லியிருந்தாள், ஆளைப் பார்த்தே.

கணவர் சமையலறைக் கடிகாரத்தில் அலாரம் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "ஏதாவது வேணுமா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். வீடு அமைதியாக இருந்தது. அவருடைய குரல் காற்றில் அப்படியே நின்றது, அதை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அவருக்கே அது விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தலையணை வேணும்னா..." என்று நிறுத்திப் பார்த்தார். யாரும் முடிக்கவில்லை. "...கொண்டு வரேன்," என்று அவரே முடித்தார். முகத்தில் ஒரு ஆச்சரியம்.

அதற்குள் போன் அடித்தது. நேற்றைய வங்கிக்காரர். அவள் எடுத்து "ம்ம்ம்" என்றாள். "அக்கா, கோவமா இருக்கீங்களா? நேத்து அந்தத் திருப்பம் நான் வேணும்னு செய்யல!" "ம்ம்ம்ம்!" "அக்கா, சத்தியமா!" கணவர் போனை வாங்கி, "வாயில மாத்திரை இருக்கு சார், திங்கக்கிழமை திட்டுவாங்க," என்று வைத்தார். அது ஒரு முழு வாக்கியம். அந்த ருசி அவருக்குப் பிடித்துவிட்டது.

"இப்ப சொல்றேன், கேளு," என்றார். "நான் கார் ஓட்டும்போது நீ காலால தரைய அழுத்துற. பதிமூணு வருஷமா. கார்ல உன் காலடியில இருக்கிற மிதியடி ஓட்டையாகிப்போச்சு. நான் ஒருத்தன் மேலயும் மோதினது கிடையாது."

அவள் கால் தரையை அழுத்தியது.

"இதோ, இதைத்தான் சொல்றேன். அப்புறம், கடையில ஒரு ஆள்கிட்ட நடந்ததை நான் சொல்ல ஆரம்பிச்சா நீ முடிவைச் சொல்லிடுற. முடிவு சரிதான். ஆனா கதை என்னுதும்மா. அப்புறம் அந்த மஞ்சள் திரைச்சீலை. எனக்குப் பிடிக்கல. வாங்கின அன்னிக்கே பிடிக்கல. 'பிடி'ன்னு ஆரம்பிச்சேன், 'பிடிச்சிருக்கு'ன்னு நீ முடிச்சிட்ட."

அவள் கண்கள் சாஸர் அளவு விரிந்தன. கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்ததால் பார்க்க, திருடிய லட்டை மறைக்கிற பிள்ளை மாதிரி இருந்தாள். கையால் காற்றில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டாள். அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றது.

"'உன் இஷ்டம்'னு சொன்னேன்ல. அன்னிலேர்ந்து நீ என்னை ஒரு மாதிரி பாக்குற. நான் கோவமா இருக்கேன்னு நெனைக்கிற."

காற்றில் நின்ற கையை அவள் மடியில் இறக்கினாள்.

"எனக்கு எந்தக் கோவமும் இல்ல. எனக்கும் இன்னொண்ணு வேண்டாம். சொன்னா, ஏதோ நானே சொல்லி உன்னை அனுப்பின மாதிரி ஆயிடுமோன்னு வாயை மூடிட்டேன். இது ஒண்ணு. இன்னொண்ணு..." கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டார். "ரத்தம்னாலே எனக்குப் பயம். நம்ம சின்னவன் பொறந்தப்போ உனக்கு ரத்தம் நிக்கல. உனக்கு ஞாபகம் இருக்காது, மயக்கத்துல இருந்த. திடுதிடுன்னு ஓடி வந்து உன்னை உள்ள தள்ளிட்டுப் போனாங்க. போற போக்குல யாரோ உன் செருப்பை என் கையில குடுத்துட்டாங்க. கீழ வைக்கவும் தோணல, என்ன பண்றதுன்னும் தெரியல. அந்த வராண்டால செருப்பைப் பிடிச்சிட்டு நின்னுட்டே இருந்தேன். அப்போ நான்..."

அலாரம் அடித்தது. அவர் திடுக்கிட்டு எழுந்து தண்ணீர் கொண்டுவந்தார். அவள் விழுங்கினாள். வாயைத் திறந்தாள். அந்தக் கணமே அடிவயிற்றில் ஒரு கை பிசையத் தொடங்கியது. கேள்வி அப்படியே உள்ளே போயிற்று.

மாதவிலக்கு வலியை அறிந்தவள்தான். இது அதன் அண்ணன். அலை அலையாக வந்தது, வந்தால் முதுகு வரைக்கும் வந்தது. வெந்நீர்ப் பையை வயிற்றில் கட்டிக்கொண்டு நடந்தாள், உட்கார்ந்தாள், கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். நடுவில் பற்கள் அடித்துக்கொள்கிற குளிர். கணவர் கம்பளி, அதன்மேல் ஒரு கம்பளி, அதன்மேல் மகனின் மழைக்கோட்டு என்று போர்த்தினார். "எதுக்குங்க மழைக்கோட்டு?" "கைக்கு அதுதான் கெடச்சுது." குளிர் அடங்கி வியர்த்தபோது அத்தனையையும் அவர் முகத்தின் மேலேயே தள்ளினாள். ஒரு தடவை வாந்தி, இரண்டு தடவை வயிற்றுப்போக்கு. எல்லாம் நர்ஸம்மா முன்கூட்டியே சொல்லிவைத்தவைதான். தெரிந்து வருகிற விருந்தாளி என்பதால் தொல்லை குறையவில்லை, பயம் குறைந்தது.

அவருக்குத்தான் குறையவில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றார்.

"எத்தனை பேடு?"

"ஒண்ணுங்க."

"முழுக்க நனைஞ்சிருச்சா? முக்காலா?"

"நான் என்ன லென்ஸா, அளந்து சொல்ல?"

"ஒரு மணி நேரத்துல ரெண்டு பேடு முழுசா நனைஞ்சு, அடுத்த மணி நேரமும் அப்படியே இருந்தா உடனே வரணும்னு நர்ஸம்மா போன்ல எங்கிட்டயும் சொன்னாங்க. மயக்கம் வந்தாலும், மாத்திரைக்கு அடங்காத வலின்னாலும். காய்ச்சல் மறுநாளும் விடாம இருந்தா..."

"...அப்பவும் வரணும். எனக்கும்தான் காது இருக்கு!"

"பாத்தியா, முடிச்சிட்ட," என்றார் கதவுக்கு வெளியிலிருந்து. உள்ளே, கழிப்பறையில் வலியோடு உட்கார்ந்திருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இன்னும் வலித்தது. "சிரிக்க வைக்காதீங்க, வந்து அடிப்பேன்."

மதியத்துக்கு மேல் ரத்தம் கட்டிகளாகக் கொஞ்சம் போயிற்று. ஒன்று எலுமிச்சை அளவு இருந்தது. அதோடு, யாரோ திருகாணியைத் தளர்த்தினது போல வலி இறங்கத் தொடங்கியது. ரத்தமும் படிப்படியாகக் குறைந்தது. நர்ஸம்மா போன் செய்து கேட்டாள், பதில்களைக் கேட்டுத் திருப்தியானாள். "கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு வாரம் வரைக்கும் ரத்தம் படும், பயப்பட வேணாம். முழுசா முடிஞ்சுதான்னு நாங்க சொன்ன தேதிக்கு வந்து பாத்துக்கணும். அதுக்குள்ள நல்லாயிட்டேன்னு நீயே முடிவு பண்ணிடாத. திரும்ப உண்டாகிறதுக்கும் ரொம்ப நாள் ஆகாது, அதைப் பத்தியும் பேசணும், வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா." வெளிச்சம் இருக்கும்போதே பிரேக் அக்கா தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை எழுந்தபோது வயிறு லேசாகிக் கிடந்தது, கால்கள் கொஞ்சம் பஞ்சாக இருந்தன. கணவர் சமையலறையில் ரொட்டியைக் கருக்கிக்கொண்டிருந்தார். வங்கிக்காரரிடமிருந்து அழைப்பு வந்தது. அவள் போனை அணைத்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அப்போ நீங்க... அந்தச் செருப்பை வச்சுக்கிட்டு என்ன பண்ணீங்க?"

கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்த தம்ளரை எடுத்து வாய் நிறையத் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். விழுங்கவில்லை. கன்னங்கள் இரண்டையும் உப்பிக்கொண்டு, சொல்லுங்கள் என்று கண்ணால் காட்டினாள்.