காரைநகரில் கை எடுத்த நாள்

யாழ்ப்பாணத்தில் படகு கட்டிய தொழிலாளர்களின் சங்கக் கிளையைப் பற்றி எங்கேயும் உருப்படியாக எழுதிவைக்கவில்லை என்ற எரிச்சலில்தான் போன மாசியில் காரைநகருக்குக் கிளம்பினேன். கடற்கரையில்லாத நெல்லியடிக்காரிக்குக் கடலில் என்ன வேலை என்று வீட்டில் பகிடி. யாழ் பஸ் நிலையத்தில் காலை ஏழரைக்கு ஏறினேன். இருபது கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம், நூற்றிருபது ரூபாய். பொன்னாலைப் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர், வானமும் அதே நிறம். அரைத்தூக்கத்தில் பஸ் மிதக்கிறது என்றே நம்பிவிட்டேன்.

இறங்குமிடத்தில் மரியநாயகம் அண்ணை நின்றார். கிளையின் கடைசிச் செயலாளர். கரையோரமாக நடந்தபடியே சொன்னார். அந்தக் காலத்தில் கூட்டத்தில் கை தூக்கினவருக்கு மறுநாள் வேலை இருக்காதாம். அதனால் படகைக் கடலுக்குள் இழுக்கும்போதுதான் வாக்கெடுப்பு. சம்மதம் என்றால் கயிற்றிலிருந்து கை எடுக்க வேண்டும். யாராவது கேட்டால் கை வேர்த்தது என்று சொல்லிவிடலாம். போர்க்காலச் சண்டையில் படகு கட்டும் யாட் மூடிப்போய், ஆட்களும் சிதறிவிட்டார்கள். கிளையை மட்டும் யாரும் கலைக்கவில்லை.

இப்போது அங்கே வேறொரு முதலாளியின் சின்ன யாட். படகுக்கான பைபர் கண்ணாடித் தூசியில் இருமி இருமி வேலை செய்யும் றெஜினா முகக்கவசம் கேட்டிருக்கிறாள். இன்னொருமுறை கேட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்றாராம் மேற்பார்வையாளர். கிளையைத் திரும்பத் தொடங்குவதா என்று அன்றைக்குத்தான் முடிவு. அவள் மட்டும் கை எடுத்தால் வேலை போய்விடும்.

முழங்கால் தண்ணீரில் நின்று தொழிலாளர்கள் புதுப் படகொன்றைக் கடலுக்குள் இழுத்தார்கள். ஆள் குறைவென்று என் கையிலும் கயிற்றைத் தந்தார்கள். அலையில்லாத கடல், சத்தமே இல்லை. கனவில் நடப்பதுபோல றெஜினா கை எடுத்து, பாவாடையில் துடைத்தாள். வேறு யாரும் அசையவில்லை. பிறகு அவளுக்குப் பின்னால் நின்றவர் கயிற்றை விட்டார். அடுத்தவரும் விட்டார். மெல்ல மெல்ல எல்லோரும் விட்டார்கள். நானும் விடப்போனேன்.

"பிள்ளை, நீங்கள் பிடியுங்கோ. உங்களுக்கு வாக்கில்லை," என்றார் அண்ணை.

ஏன் படகு நிற்கிறது என்று மேற்பார்வையாளர் நிழலிலிருந்து கேட்டார்.

"கை வேர்க்குது, சேர்," என்றாள் றெஜினா.

அவ்வளவு சந்தோசம் எனக்கு அண்மையில் வந்ததில்லை. போகிறவர்கள் மாற்றுடுப்பு கொண்டுபோங்கள். நான் ஈரத்தோடுதான் பஸ் ஏறினேன். திரும்பும் பஸ் எத்தனை மணிக்கென்று இறங்கும்போதே கேட்டுவையுங்கள். பாலத்தைப் பார்க்க இடப்பக்க யன்னலோரம் நல்லது.

முகக்கவசம் வந்ததா என்று போன கிழமை அண்ணையிடம் தொலைபேசியில் விசாரித்தேன்.

"இன்னும் இல்லை. ஆனா இப்ப கேக்கிறது எல்லாரும்," என்றார்.