ஒரே சட்டை, மூன்று பெயர்

ஜெலுத்தோங் சந்தையில் காலை பத்து மணிக்கே என் முழுக்கைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. துணிக்கடையில் என் வயதுப் பெண்மணி ஒருவர், ஒரே குவியலிலிருந்து கையில்லாத சட்டைகளை எடுத்து எடுத்துக் காட்டுகிறார். கல்லூரிப் பெண்ணிடம் அது ‘டேங்க் டாப்’. அவள் அம்மாவிடம் ‘ஸ்லீவ்லெஸ்’. கைத்தடியோடு வந்த அம்மாளிடம் ‘சிங்லெட்’.

“ஒரே சட்டைதானேங்க?” என்கிறேன்.

“ஒண்ணுதான் லா. அவங்கவங்க காலத்துப் பேரைச் சொல்லணும். மாத்திச் சொன்னா, நமக்கில்லன்னு போயிடுவாங்க.”

எனக்கு ஐம்பத்திரண்டு. எந்தப் பெயர் வருமோ என்று வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நிற்கிறேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கிளிப்பச்சையில் ஒன்றை உதறி நீட்டுகிறார்.

“இந்த டேங்க் டாப் உங்களுக்கு எடுப்பா இருக்கும், ஆன்ட்டி.”