மலையாளத்தில் நின்ற கீபோர்டு

எல்லை தாண்டி மலையாளச் சீமையில் இருக்கும் கொல்லங்கோட்டில் அக்கா நடத்தும் கம்ப்யூட்டர் கடையில் காலை நேரமெல்லாம் எனக்கு மலையாளம்தான். வருகிறவர்கள் தமிழில் சொல்வார்கள்; விண்ணப்பம் மலையாளத்தில் போக வேண்டும். காது தமிழைக் கேட்கும், விரல் மலையாளத்தை அடிக்கும். மதியம் அதே கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுவேன். குழந்தை பிறந்ததும் கோயம்புத்தூர் வேலையை விட்டவள் நான். வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி ஒரு வேலைக்குத் தவம் கிடந்தேன்.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு, அதை அடிக்கப் பயன்படும் எடிட்டர் குலதெய்வம் மாதிரி. அவரவருடையதை விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். என்னுடையது மெனு வைத்த சாதாரண எடிட்டர். கீபோர்டு எந்த மொழியில் இருந்தாலும் கன்ட்ரோலோடு எஸ்ஸைத் தட்டினால் சேமித்துவிடும். கெட்டிக்காரர்கள் கொண்டாடும் எடிட்டரில் ஆங்கில எழுத்துகளே கட்டளைகள். ஜே தட்டினால் கர்சர் கீழே இறங்கும். கீபோர்டு மலையாளத்தில் இருந்தாலோ ஜே இருந்த இடத்தில் 'ர' உட்கார்ந்திருக்கும். கர்சர் இம்மியும் நகராது.

என்னைத் தேர்வுக்கு அழைத்த கம்பெனியில் எல்லோருக்கும் அந்த எடிட்டர்தான் என்று கேள்விப்பட்டேன். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாக நானும் அதைப் பழகினேன்.

தேர்வன்று கடையின் உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். என் திரையைக் கோயம்புத்தூரிலிருந்து கம்பெனிக்கார அம்மா ஒருவர் இன்டர்நெட் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் டிக்கெட் எடுக்கும் பக்கத்துக்கு மலையாளப் பொத்தான்கள் வைக்க வேண்டும். முதல் பொத்தானுக்கு எழுதி முடித்து ஜே தட்டினேன். கர்சர் நகரவில்லை. மறுபடி தட்டினேன். மொழியை மாற்ற மறந்தது புரிந்தது. மாற்றினேன், அடுத்த பொத்தானில் மறுபடி அதே கூத்து. வேலை கைநழுவுகிறது என்று அழுகையே வந்துவிட்டது.

"ஏனுங்க, நின்னு போச்சுங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"காலைல முச்சூடும் மலையாளம் அடிக்கறேனுங்க. கை மாத்த மறந்துருதுங்க. இந்த எடிட்டரு எனக்கு ஆகாதுங்க. என்னோடதத் தொறக்கட்டுங்களா?"

"அப்பறம் எதுக்குங்க இத்தன நேரம் இதோட மல்லுக்கட்டுனீங்க? தொறங்க!"

திறந்தேன். அதன்பிறகு கை தானாக ஓடியது. மலையாளமும் ஆங்கிலமும் மாறி மாறி வந்து விழுந்தன. மிச்சப் பொத்தான்கள் எல்லாம் வரிசையில் உட்கார்ந்தன. அந்த அம்மா ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்.

"எங்க டீம்ல மலையாளம் அடிக்கறவங்க ஒருத்தருமில்லீங்க. மலையாளப் பக்கமெல்லாம் நீங்களே பாத்துக்குவீங்களா? ஊட்ல இருந்தே பாருங்க."

வேகவேகமாகத் தலையாட்டினேன். அவருக்குத் தெரிவது என் திரை மட்டும்தான், முகம் தெரியாது என்று அப்புறம்தான் உறைத்தது.

"பாத்துக்கறேனுங்க!" என்று நான் போட்ட கூச்சலில் அக்கா கடையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தாள்.