சத்தத்தை இளைக்க வைக்கிறவள்

எங்க அக்காவுக்கு என்ன வேலைன்னு யாராவது கேட்டா, "சத்தத்தை இளைக்க வைக்கிறா"ன்னு சொல்லுவேன். கேட்டவங்க முழிப்பாங்க. முழிக்கட்டும். காது ஆஸ்பத்திரியில காது எவ்வளவு கேக்குதுன்னு சோதிக்கிறவன்னு நேரா சொன்னா, உடனே காதுல விரலை விட்டுக் குடைஞ்சுகிட்டே, "எனக்கும் ஒரு தடவை பாக்கணும்"னு ஆரம்பிச்சிடுவாங்க.

அவளை எல்லாரும் மெல்லக்கான்னுதான் கூப்பிடுவாங்க. பொறந்ததுலேர்ந்து அவ குரல் அவ்வளவுதான். நான் நேர் எதிர். தையல் மெஷின் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தி என் தொண்டை வெண்கலக் கடை ஆயிடுச்சு. "ஒரே வயித்துல பொறந்ததுல ஒண்ணு மூச்சு விடுது, ஒண்ணு முழங்குது"ன்னு அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனா.

அக்கா வேலை செய்யுறது ஒரு சின்ன அறை. அதுக்குள்ள இன்னொரு அறை, நடுவுல கண்ணாடி. உள் அறைச் சுவரெல்லாம் மெத்து மெத்துன்னு இருக்கும். கதவைச் சாத்தினா உலகமே காணாமப் போயிடும். மதியம் சாப்பாடு கொண்டு போறப்போ ஆள் யாரும் இல்லன்னா நான் உள்ள போய் உக்காந்துப்பேன். முதல்ல பயமா இருக்கும். கொஞ்ச நேரத்துல என் நெஞ்சு அடிக்கிறது எனக்கே கேக்கும். அப்புறம் அதுவும் எங்கேயோ தள்ளிப் போயிடும். தண்ணிக்கு அடியில இருக்கிற மாதிரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா வாய் மட்டும் அசையும். எத்தனையோ நாள் அப்படியே தூங்கிப் போயிருக்கேன். அங்க வர்ற கனவுல கூட யாரும் பேச மாட்டாங்க.

வெளி அறையில அவ மெஷின் இருக்கும். அதுல ஒரு பெரிய திருகு. அதுக்குக் கீழ இங்கிலீஷ்ல ‘அட்டெனுவேட்டர்’னு போட்டிருக்கும்.

"அப்படின்னா என்னக்கா, சத்தத்தை நிறுத்துறதா?"

"நிறுத்துறது வேற. இது பலத்தைக் குறைக்கிறது. சத்தம் அதே சத்தம்தான். இளைச்சு இளைச்சு நூலாப் போகும், ஆனா இருக்கும்."

சும்மா விடுவோமா? வீட்டுல அந்த வார்த்தையைப் பிடிச்சுகிட்டோம். டீ தண்ணியா இருந்தா, "இன்னைக்கு டீ அட்டெனுவேட் ஆயிடுச்சு"ன்னு மாமா சொல்லுவார். மாமான்னா அக்கா புருஷன். "அது நீத்துப்போனது. அதுக்கு இந்த வார்த்தை போடக்கூடாது"ன்னு அக்கா திருத்துவா. சுவரைத் தாண்டி வர்ற பக்கத்து வீட்டுச் சண்டைக்குப் போடலாமாம். திரைச்சீலையைத் தாண்டி வர்ற வெயிலுக்குப் போடலாமாம். தடுப்பூசியில வீரியம் குறைச்சு வெச்ச கிருமிக்குக் கூட இதே வார்த்தைதானாம்.

"அப்போ என் இடுப்புக்கு?"ன்னேன்.

"மெலிஞ்சதுக்கும் சொல்லுவாங்க. உனக்கு இப்போதைக்குத் தேவைப்படாது."

ஊமைக்குசும்பு! மாமா சிரிச்ச சிரிப்புல டீ மூக்குல ஏறிடுச்சு.

மாமா பஸ் டிரைவர். ஸ்டியரிங்கைப் பிடிச்சாத்தான் அவருக்கு மூச்சே வரும். லீவு நாள்ல கூட டிப்போ பக்கம் போய் வண்டியைத் தடவிப் பாத்துட்டு வர்ற ஆள். அவர் மேலதான் ஒண்ணு மாத்தி ஒண்ணு புகார் வந்துச்சு, மணி அடிச்சாலும் வண்டி நிக்கிறதில்லன்னு. காது நல்லா இருக்குன்னு சர்ட்டிஃபிகேட் கொண்டு வந்தாத்தான் இனி வண்டின்னு டிப்போல கறாரா சொல்லிட்டாங்க. அந்தச் சர்ட்டிஃபிகேட்டைக் குடுக்க ஊருக்கே இருக்கிற ஒரே ஆள் அவர் பொண்டாட்டி.

மாமா அசரவே இல்ல. "உன் குரலே எனக்குக் கேக்குது. உன் மெஷின் கேக்காமப் போயிடுமா?"ன்னார். எங்களுக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. மெல்லக்கா பேசுறது கேக்குற மனுஷனுக்கு என்ன குறை?

சோதனை அன்னைக்கு நானும் அக்கா பக்கத்துல உக்காந்திருந்தேன். உள்ள மாமா, காதுல ஹெட்போனும் கையில பட்டனுமா, புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உக்காந்திருந்தார். சத்தம் கேட்டா பட்டனை அமுக்கணும், இங்க பச்சை லைட் எரியும். அக்கா திருகைத் திருப்பினா. எரிஞ்சுது. இன்னும் குறைச்சா. எரிஞ்சுது. இன்னும். எரிஞ்சுது.

"அக்கா, பாம்புச் செவி உன் புருஷனுக்கு!"ன்னு நான் துள்ளினேன்.

அக்கா முகம் வெளுத்துப்போச்சு. "இந்த அளவு சின்னக் குழந்தைக்கே கேக்காதுடி"ன்னா.

அடுத்த தடவை அவ சத்தமே அனுப்பல. அனுப்புற மாதிரி கையை மட்டும் கொண்டு போனா. எரிஞ்சுது.

அப்போதான் நான் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் அவ இடது புருவம் ஒரு துளி மேல ஏறுது. அவளுக்கே தெரியாது. மத்தவங்க கண்ணை மூடிக்குவாங்க, இல்ல தரையைப் பாப்பாங்க. இந்த மனுஷன் அவ முகத்தையே பாத்துகிட்டு இருக்கார். ஏமாத்தல அவர், சத்தியமா. தனக்குக் கேக்குதுன்னேதான் நினைச்சுகிட்டு இருக்கார். வீட்டுலயும் இத்தனை நாளா அப்படித்தான் கேட்டிருக்கார்.

"விடுக்கா. பாஸாயிட்டார். கையெழுத்தைப் போடு. வண்டி இல்லன்னா அந்த மனுஷன் செத்துடுவார்"ன்னேன்.

"மணி அடிக்கிறவங்க அவர் முதுகுக்குப் பின்னாடி இருக்காங்கடி."

நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மெஷினைத் தன் முன்னால இழுத்து வெச்சுகிட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உக்காந்தா. திருகைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா. லைட் எரியல. இன்னும் ஏத்தினா. எரியல. பஸ் மணி அளவுக்குக் கொண்டு வந்து, திரும்பத் திரும்ப அனுப்பினா. பச்சை லைட்டையே பாத்துகிட்டு இருந்தோம் ரெண்டு பேரும். எரியவே இல்ல. அவ கன்னத்துல கண்ணீர் ஓடுச்சு. எனக்கு ஆத்திரமா வந்துச்சு, யார் மேலன்னுதான் தெரியல.

அப்போ உள்ளேயிருந்து மைக்குல மாமா குரல் கணீர்னு வந்துச்சு. "என்னம்மா, அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துட்ட? இன்னும் ஆரம்பிக்கலையா?"

அக்கா முந்தானையால முகத்தைத் துடைச்சுகிட்டுத் திரும்பினா. மைக்கைத் தொடல. எப்பவும் பேசுற அந்தக் குரல்லயே, "முடிஞ்சிடுச்சுங்க"ன்னா.

அது மாமாவுக்குக் கேட்டுச்சு. பட்டனை மெதுவா மடியில வெச்சார்.