லிஃப்ட்காரருக்கு வந்த பசி

கரண்டியக்காவுக்கு லீவு என்றால் என்னவென்றே தெரியாது. ஆஸ்பத்திரி கேன்டீனில் சேர்ந்த நாளிலிருந்து அடுப்பு, அண்டா, கரண்டி. வீட்டுக்கு வந்தால் அதே மூன்றும் கொஞ்சம் சின்ன அளவில். ஞாயிற்றுக்கிழமை என்பதற்காக நோயாளி பட்டினி கிடப்பானா என்ன! அப்படிப்பட்டவள் திடீரென்று ஒரு நாள், "தங்கச்சி இருக்கற ஊருக்குப் போய் அஞ்சு நாள் இருந்துட்டு வரலாங்க. தினமும் கடையிலதான் சாப்பாடு. நான் கரண்டியத் தொடவே மாட்டேன்" என்றபோது, அவள் புருஷன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊருக்கெல்லாம் லிஃப்ட்காரர். பேச்சு குறைவு. ஒரு பொய்யைத் தாங்கிப் பிடித்து இரண்டாவது பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

"உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகல. வாய்க்கு ருசியா நாலு எடம் பாக்கணும்னு ஆச."

ஒன்றும் ஆகவில்லையாம்! ஆனதைத்தான் எட்டு மாதமாக ஒருவரிடமும் மூச்சு விடாமல் வைத்திருக்கிறாளே. ஒரு காய்ச்சல் வந்தது, படுத்தாள், எழுந்தாள். காய்ச்சல் போகும்போது நாக்கையும் மூக்கையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து உப்பில்லை, புளிப்பில்லை, இனிப்பில்லை. பால் திரிந்தாலும் தெரியாது. குழம்பு அடிப்பிடித்தால் புகை கண்ணில் பட்டால்தான் உண்டு. மிளகாயைக் கடித்தால் எரியும், அந்த எரிச்சலோடு சரி. ஒரு சமையல்காரிக்கு இது வந்தால் அவள் எங்கே போய் முட்டிக்கொள்வாள், சொல்லுங்கள்?

காது மூக்கு டாக்டரிடம் மட்டும் திருட்டுத்தனமாகப் போய்க் காட்டினாள். "நரம்பு எழுந்தா எழும், இல்லன்னா இல்ல. பழக்கமில்லாத வாசனை, பழக்கமில்லாத ருசி எல்லாம் குடுத்துப் பாருங்கம்மா. ஒண்ணு ரெண்டு பேருக்குத் திரும்பியிருக்கு" என்றார் அவர். அந்த ஒன்று இரண்டு பேரில் தானும் ஒருத்தி என்று கரண்டியக்கா அங்கேயே முடிவு கட்டிவிட்டாள். தங்கச்சி இருக்கும் ஊரில் பல தேசத்து ஆட்களும் கடை போட்டிருக்கிறார்கள். ஏதாவது ஒரு தேசத்துக்காரனின் ஏதாவது ஒரு மசாலா இந்தச் செத்த நாக்கைத் தட்டி எழுப்பாதா?

அவசரத்துக்கும் காரணம் இருந்தது. கேன்டீனில் இதுவரை அவள் பிழைத்தது பெரியவரால். தலைமைச் சமையல்காரர் அவர். அவர் ஒரு வாய் எடுத்து ருசி பார்க்காமல் எந்த அண்டாவும் அடுப்பை விட்டு இறங்காது. இவள் கூட்டியதையும் குறைத்ததையும் அவர் நாக்கு சரிக்கட்டிவிடும். இப்போது பெரியவர் ஓய்வு பெறுகிறார். "இனிமே மொத வாய் உன்னோடதும்மா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். மேனேஜரும் சரி என்றுவிட்டார். திங்கட்கிழமை அவள் பொறுப்பை ஏற்க வேண்டும், அல்லது முடியாது என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். முடியாது என்றால் அத்தோடு சமையலும் போயிற்று. சமையலும் போய்விட்டால் கரண்டியக்காவிடம் வேறு என்ன இருக்கிறது? பிள்ளையா குட்டியா!

நாக்கு வராவிட்டாலும் போகட்டும், கை இருக்கிறது என்று ஒரு தைரியமும் அவளுக்கு இருந்தது. வீட்டில் கை அளவில்தானே எல்லாம் போடுகிறாள்? லிஃப்ட்காரர் ஒரு நாளாவது முகம் சுளித்திருக்கிறாரா? "எப்படிங்க இருக்கு?" என்பாள். "நல்லாத்தான் இருக்கு" என்பார். ஒரு வாய் சோறு, ஒரு மடக்குத் தண்ணீர், மறுபடி ஒரு வாய், ஒரு மடக்கு. முன்னைப்போல் நிறையச் சாப்பிடுவதில்லைதான். "வயசாச்சுல்ல, பசி கொறஞ்சு போச்சு" என்றார். அவளும் நம்பினாள்.

போய் இறங்கிய அன்றைக்கே தங்கச்சி அவர்களை அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போனாள். துணிக்கடையில் கேஷியர் அவள். அந்த ஊரில் யாருக்கும் வீட்டில் அடுப்பே இல்லையோ என்று நினைக்கும்படி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சாப்பாட்டுக் கடை. ஒரு பலகையில் நாலு எழுத்து, ஒன்றும் புரியாது. கண்ணாடிக்குப் பின்னால் ஒருவன் மாவை இழுத்து இழுத்து நூலாக்குகிறான். பக்கத்துக் கடையில் முழு மீனை அப்படியே நெருப்பில் வாட்டுகிறார்கள். குச்சியால் சாப்பிடுகிறவர்கள், கையால் பிய்த்துத் தின்கிறவர்கள், யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. "என்னா வாசன பாருக்கா!" என்று தங்கச்சி மூச்சை இழுத்துவிட்டாள். கரண்டியக்காவும் இழுத்தாள். காற்று வந்தது.

முதல் கடையில் ஆவியில் வெந்த உருண்டைகள். இரண்டாவதில் கறுப்பாக ஒரு குழம்பு. மூன்றாவதில் பெயர் தெரியாத இலையில் சுற்றிய மீன். ஒவ்வொரு முறையும் முதல் கவளத்தை வாயில் வைத்து நாக்கில் மெதுவாக உருட்டிப் பார்ப்பாள். மென்றால் ஒரு இடத்தில் பஞ்சு, ஒரு இடத்தில் சவ்வு, இன்னொரு இடத்தில் நார். அவ்வளவுதான்! விழுங்கிவிட்டு, "எலுமிச்சையக் கடைசியில பிழிஞ்சிருக்காங்க" என்று கண்ணால் பார்த்ததை நாக்கு சொன்ன மாதிரி சொல்வாள். தங்கச்சி அசந்துபோவாள். "ஒரு வாயிலயே கண்டுபிடிச்சுட்டியேக்கா!" என்பாள். அந்த நேரத்தில் எழுந்து ஓடிவிடலாமா என்றிருக்கும் கரண்டியக்காவுக்கு.

லிஃப்ட்காரரோ வெளுத்துக் கட்டினார். கொஞ்சநஞ்சமல்ல. உருண்டையில் இரண்டு தட்டு. கறுப்புக் குழம்பை ரொட்டியால் வழித்து, விரலால் வழித்து, கிண்ணம் கழுவின மாதிரி ஆயிற்று. மீனின் முள்ளைக்கூட விட்டுவைக்கவில்லை. பசி குறைந்துபோன மனுஷர்! மூன்றாம் நாள் இடுப்பு பெல்ட்டை ஒரு துளை தள்ளிப் போட்டார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது, கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி. தண்ணீர் டம்ளர் வைத்தது வைத்தபடி இருந்தது.

தங்கச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன மாமா, வீட்ல அக்கா சோறே போடறதில்லையா? நாக்கு செத்துக் கெடந்த மாதிரி சாப்பிடறீங்க!"

விளையாட்டாகத்தான் கேட்டாள். லிஃப்ட்காரருக்குப் புரையேறியது. கண்ணில் நீர் வர இருமிவிட்டு, "இந்த ஊர் தண்ணி... பசி எடுக்குது" என்றார். பொண்டாட்டியின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. பார்க்காததை அவள் பார்த்துவிட்டாள்.

அன்று முழுக்க அவளுக்கு அந்த டம்ளர் ஞாபகம்தான். வீட்டில் வாய்க்கு ஒரு மடக்கு. இங்கே தொடவே இல்லை. சே, அப்படியெல்லாம் இருக்காது, எட்டு மாதமாக ஒரு மனுஷன் வாயைத் திறக்காமலா இருப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்லப் பயம்தான் கூடியது.

ஐந்தாம் நாள் மத்தியானம் தங்கச்சி வேலைக்குப் போய்விட்டாள். புருஷனும் பொண்டாட்டியும் மட்டும் தெருக்கோடியில் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தார்கள். கடைக்காரம்மா எந்த தேசமோ, மாவுக்கையோடு வந்து சிரித்தாள். படத்தைத் தொட்டுக் காட்டினார்கள். இரண்டு கிண்ணம் சூப் வந்தது. இது கடைசிக் கடை என்று கரண்டியக்காவுக்குத் தெரியும். லிஃப்ட்காரர் கை கழுவப் போனார்.

அவள் ஒரு கரண்டி வாயில் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றுமில்லை. சரி, ஒரு கதவு அடைபட்டது. இன்னொன்று, அவர் பேச்சை நம்பியிருந்த அந்தக் கை?

மேசையில் உப்புக் குப்பி இருந்தது. மூடியைத் திருகினாள். பாவம், பாவம் என்று மனசு அடித்துக்கொண்டது. கை நிற்கவில்லை. பாதிக் குப்பியை அவர் கிண்ணத்தில் கொட்டிக் கலக்கினாள்.

அவர் வந்து உட்கார்ந்தார்.

"நான் ருசி பாத்துட்டேன். பிரமாதமா இருக்கு. குடிங்க" என்றாள்.

அவர் ஒரு கரண்டி எடுத்தார். துப்பிடுங்க சாமி, துப்பிடுங்க என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள். அவர் கண் ஒரு நொடி அவள் பக்கம் வந்து போயிற்று. முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. விழுங்கினார். கை தானாகப் போய் டம்ளரை எடுத்தது. ஒரு மடக்கு. அடுத்த கரண்டி. ஒரு மடக்கு.

"எப்படிங்க இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

அதே வார்த்தை, அதே குரல். எட்டு மாதமாகத் தினமும் கேட்ட குரல்.

"கீழ வைங்க. பாதிக் குப்பி உப்பு கொட்டியிருக்கேன்."

அவர் வைத்தார். குப்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வீட்லயும் இப்படித்தான் இருக்கா?"

லிஃப்ட்காரருக்கு இரண்டாவது பொய் வரவில்லை. "தினமும் இல்ல" என்றார். "சில நாள் உப்பே இருக்காது."

"தெரியுமா உங்களுக்கு?"

"அடிப்பிடிச்ச சட்டிய முன்னால வச்சுக்கிட்டு நீ சிரிச்சுப் பேசிட்டிருந்தியே, அன்னிக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

கரண்டியக்கா தன் வலது கையை மேசைமேல் வைத்துப் பார்த்தாள். தழும்பும் காய்ப்புமான கை. நாக்கில்லாவிட்டாலும் இது இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த கை. இதை நம்பி நாளை மறுநாள் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் அண்டாவுக்கு முன்னால் நிற்க இருந்தாளே! இனி மேனேஜரிடம் காரணத்தைச் சொல்லிவிட வேண்டியதுதான். அழுகை வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்காத ஊராக இருந்தது நல்லதாயிற்று. அவருடைய கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்த உப்புச் சூப்பை மடமடவென்று குடித்தாள். சூடாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"வேண்டாம்மா, வயித்துக்கு ஆகாது" என்று அவர் கிண்ணத்தைப் பிடுங்கினார். பிறகு, "எதிர்ல இன்னொரு கடை பாக்கி இருக்கு. சாயந்திரம் அங்கயும் பாக்கலாமா?" என்றார்.

அவள் தலையசைத்து மறுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைக்காரம்மாவைக் கைகாட்டிக் கூப்பிட்டு, அதே படத்தைத் தொட்டு, ஒரு கிண்ணம் என்று விரலைக் காட்டினாள். புதுக் கிண்ணம் வந்ததும் அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"நீங்க சாப்பிடுங்க. வயிறு நெறையச் சாப்பிட்டுக்குங்க. நாளைக்கு வீட்டுக்குப் போகணும்."