கலாராணியின் மில் கடை

கலாராணியைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவளைச் சபை நடுவே பிடிவாதக்காரி என்று ஏசியவன் நான். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் வாய் ஓயவில்லை, அதனால்தானோ என்னவோ ஊர்ப் பிணக்குகளைப் பேசித் தீர்க்க ஞாயிறுதோறும் கூடும் இணக்கசபையில் என்னைப் போட்டிருந்தார்கள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். பாதை திறந்து சீமெந்து லொறிகள் வர, ஊரெல்லாம் வீடு கட்டும் பைத்தியம். கல்முனையில் மா மில்லுக்கு வாடகைக்கு விட்ட கடையைச் சீனிமுகம்மது காக்கா திருப்பிக் கேட்டார். மகளுக்குக் கலியாணம் பேசியாயிற்று. எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நடக்காது. அவருடைய மற்ற வளவைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது அந்தக் கடை நிலம்தான். மில் நடத்திய பெரியநீலாவணைக் கலாராணி கடையை விட்டு எழும்ப மாட்டேன் என்றாள். பிணக்கு எங்கள் சபைக்கு வந்தது.

ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் நல்ல மனிதர். ஒரு வருஷத் தவணை தருகிறேன் என்றார். சந்தைப் பக்கம் வேறு கடையும் பார்த்து வைத்தார். அவள் எதற்கும் மசியவில்லை. மூன்று ஞாயிறு வீணாய்ப் போனது.

"என்ன புள்ள, அதுவும் வேணாம், இதுவும் வேணாம். எங்கள ஏன் சும்மா அலைக்கழிக்கிறாய்? பிடிவாதத்துக்கும் ஒரு அளவு இரிக்கு!" என்று கத்தினேன்.

"மிசினக் கழட்டலாம் சேர். அதுக்குக் கீழ இருக்கிற கட்டக் கழட்ட ஏலாது" என்றாள்.

மிசின் நிற்கும் அந்தச் சீமெந்துக் கட்டைப் போட்டவன் அவள் புருஷன் அமிர்தலிங்கம். ஈரம் காயுமுன் அவசரத்தில் மிதித்ததில் குதிக்கால் பதிந்துபோயிற்று. அன்று முழுக்க அவனை ஏசினாளாம். சுனாமியில் சுவர், கூரை, அவன் எல்லாம் போயிற்று. உடல் கிடைக்கவே இல்லை. கட்டு மட்டும் மண்ணுக்குள் அப்படியே கிடந்தது. காக்கா சுவர் எழுப்பிக் கொடுக்க, அதன் மேலேயே மிசினைப் பூட்டினாள். வருஷத்தில் கடல் வந்த அந்த ஒரு நாள் குதிக்கால் தடத்தில் விளக்கு வைப்பாள். காக்கா கண்டும் காணாதவர்போல் இருப்பார்.

"அவரப் பொதைச்ச இடமெண்டு ஒண்டும் இல்ல சேர். அதுதான் இருக்கு."

காக்கா சால்வையால் கண்ணைத் துடைத்தார். "தங்கச்சி, கட்டுல கை வைக்க மாட்டம். மேலால நிலம் போடுவம், அது கீழ கிடக்கட்டும். அந்த நாள்ல நீ வந்து இருந்திட்டுப் போ. அல்லா அறியச் சொல்றன்."

"ஓம் காக்கா" என்றாள். ஒப்பம் வைத்தாள்.

அங்கேதான் நான் அந்த வேலையைச் செய்தேன். கடையை ஒப்படைக்கும் திகதி, இருவர் சம்மதம், பிணக்குத் தீர்ந்தது என்று மூன்றே வரி எழுதினேன். கட்டைப் பற்றி எழுதவில்லை. காக்காவின் வாய்ச்சொல் போதாதா, குதிக்காலை எல்லாம் அரசாங்கக் கடதாசியில் எழுதினால் சிரிக்க மாட்டார்களா என்று நினைத்தேன். சீ, நானும் ஒரு மனுஷன்!

மூன்றாம் மாதம் காக்கா மாரடைப்பில் மௌத்தானார். வீட்டு வேலையைப் பொறுப்பெடுத்த மருமகனுக்கு ஒன்றும் தெரியாது. நிலமட்டம் பிடிக்கும்போது கட்டு இடைஞ்சலாய் நின்றதாம். மேசன் சம்மட்டியால் உடைத்து, கல்லை ரோட்டுக் குழியில் போட்டுவிட்டான்.

அடுத்த ஞாயிறு கலாராணி வந்தாள். தன்னிடமிருந்த இணக்கப் பத்திரப் பிரதியை என் மேசையில் விரித்தாள்.

"கட்ட உடைச்சதக் கேள்விப்பட்ட உடன இதக் கொண்டு ஓடினன் சேர். காக்காட மருமகன் தம்பி நல்லவர், வேலைய நிப்பாட்டிப்போட்டு வாசிச்சுப் பாத்தார். இதில ஒண்டும் இல்லையே அக்கா எண்டார். எனக்கும் வாசிக்கத் தெரியும். அண்டைக்கு உங்கள நம்பி வாசிக்காமலே ஒப்பம் வைச்சிட்டன்."

பிறகு விரலைக் கடதாசியில் வைத்துக் கேட்டாள். "இதில அவர்ர கால் எங்க சேர்?"

அந்த மூன்று வரியையும் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவள் விரலை எடுக்காமல் நின்றாள்.