கிராணி எடுத்துக் கொடுத்த கோர் டம்ப்

மழை கொட்டும் மதியங்களில் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் எடை புரோகிராம் அசையாமல் நின்றுவிடும். கொழுந்தின் எடையைப் பதிந்து ரசீது அடிப்பது அது. ஓடியது அலுவலக மூலையிலிருந்த லினக்ஸ் சர்வரில். அதைக் கவனிப்பது என் வேலை. ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள், எடைக் கணக்கு பார்க்கும் எழுத்தரான கிராணி அதை நிறுத்தி மறுபடி ஓடவிட்டிருப்பார். எங்கே சிக்கியது என்ற தடயமும் அத்தோடு போய்விடும்.

"ஆளுங்க நனைஞ்சிக்கிட்டு நிக்கிறாங்க தங்கச்சி, நான் என்னா செய்ய?" என்பார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை, கியா பார்ம் மலைச்சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்களுக்கு நடுவே நான் மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் அழைத்தார்.

"மறுபடி நின்னுபோச்சு தங்கச்சி."

"அண்ணே, நிறுத்திடாதீங்க. முதல்ல ஒரு கோர் டம்ப் எடுத்துருவோம்."

"டம்ப்பா? லோரியில குப்பை கொட்டுற மாதிரியா? இன்னிக்கு எடையெல்லாம் போயிருமே!"

"ஒன்னும் போகாது. நின்ன நேரத்துல அது மனசுல என்ன இருந்துச்சோ, அதை அப்படியே ஒரு ஃபைலா எடுத்து வைக்கிறோம். அப்புறம் தாராளமா நிறுத்துங்க."

பின்னால் லோரி ஹாரன் அலறியது. "பொறுங்கலா! இங்க வைத்தியம் நடக்குது!" என்று வெளியே பார்த்துக் கத்தினார். நான் சொன்ன கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டினார். முதல் தடவை இடைவெளி விடாமல் அடித்துவிட்டார், சர்வர் ஏற்கவில்லை. இரண்டாம் தடவை இடைவெளி விட்டு அடித்தார்.

"சேவ்டுன்னு வந்துருச்சு தங்கச்சி!" பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்வதுபோல இருந்தது அந்தக் குரல்.

திங்கட்கிழமை அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். புரோகிராம் பிரிண்டரின் பதிலுக்காகக் காத்து நின்றிருந்தது. பிரிண்டர் இருந்தது ஜன்னலோரம். சாரலில் ஈரமேறிய தாள் உள்ளே சிக்க, பதில் வரவேயில்லை. பிரிண்டர் பேசாவிட்டாலும் எடையைப் பதிந்துகொண்டே போகும்படி மாற்றி எழுதினேன். கிராணி பிரிண்டரை உள்சுவரோரம் நகர்த்தி, தன் மழைக்கோட்டால் போர்த்திவிட்டு, நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு மழையிலும் அது நிற்கவில்லை.

கோப்பு பெரிது, சர்வர் டிஸ்கில் இடம் அடைத்தது. அங்கிருந்து அழித்துவிட்டேன் என்றதும் அவர் முகம் வாடியது.

"நல்லாத்தானே எடுத்திருந்தேன்?"

"ரொம்ப நல்லா எடுத்திருந்தீங்க அண்ணே. என் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி வச்சிருக்கேன்" என்றேன். உண்மைதான். வேலைக்கு அது இனித் தேவையில்லை; அவர் எடுத்தது என்பதற்காகவே வைத்திருந்தேன்.